"என்ன மக்களே பாக்குத?": கைக்குழந்தையின் மனசை அம்மாக்கள் அறிவது எப்படி

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்து வீடுகளில் முற்றத்துக் கொடியில் ரப்பர் ஷீட் காயப்போட்டிருப்பார்கள். காற்றில் அவை ஆடும்போது, அம்மாவின் இடுப்பில் இருக்கும் ஐந்து மாதப் பிள்ளை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருக்கும். அம்மா நடையை நிறுத்தி, பிள்ளை பார்க்கும் பக்கம் தானும் பார்த்து, "அது ஆடுதுல்லா மக்களே? அதான் பாக்குதியா?" என்பாள். "அதுக்கு என்ன தெரியும்னு அதுகிட்டப் போய் கேக்கே?" என்று பக்கத்தில் யாராவது சொல்வதும் உண்டு.

ஐந்து மாதத்தில் அந்த வார்த்தைகள் பிள்ளைக்குப் புரியாது, உண்மைதான். ஆனால் அம்மா அங்கே செய்தது வெறும் கொஞ்சல் இல்லை. பிள்ளையின் கண் போன இடத்துக்குத் தன் கண்ணையும் கொண்டுபோனாள். அந்தப் பார்வைக்குப் பின்னால் ஓர் ஆர்வம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள். அதை வாய்விட்டும் சொன்னாள். குழந்தை வளர்ச்சியை ஆராய்கிறவர்கள் முப்பது வருடங்களாக உன்னிப்பாகக் கவனித்துவரும் விஷயம் இது. ஆங்கிலத்தில் 'மைண்ட் மைண்டட்னஸ்' என்பார்கள். எலிசபெத் மெயின்ஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1997-ல் எழுதிய நூலில் இந்தப் பெயரை முன்வைத்தார். இந்தக் கட்டுரைக்கு 'மனமறிதல்' என்று வைத்துக்கொள்வோம்.

மனமறிதல் என்றால் பாசம் என்று பொருளல்ல. பிள்ளையை உயிராக நினைக்கும் அம்மாகூட, குளிப்பாட்டணும், பால் கொடுக்கணும், உறங்க வைக்கணும் என்று நாள் முழுக்க வேலைக் கணக்கிலேயே ஓடிவிடலாம். பாசத்தில் ஒரு குறையும் இருக்காது. மனமறிதல் அதற்கு மேல் ஒரு படி. பேசத் தெரியாத இந்தச் சிறு உயிருக்கும் பிடித்தது, பிடிக்காதது, சலிப்பு, ஆச்சரியம் எல்லாம் இருக்கிறது என்று நம்பி, அந்த நம்பிக்கையோடு அதனிடம் பேசுவதும் பழகுவதும்தான் அது.

இந்தப் பேச்சு எங்கிருந்து தொடங்கியது என்று கொஞ்சம் பார்க்கலாம். பிள்ளைக்கும் அம்மாவுக்கும் உள்ள பிணைப்பைப் பற்றிப் பெரிதாக யோசித்தவர் ஜான் போல்பி. அவருடன் வேலை பார்த்த மேரி எய்ன்ஸ்வொர்த், 1954-55-ல் உகாண்டாவில் கம்பாலாவைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போய் 26 குடும்பங்களில் தாயையும் பிள்ளையையும் கவனித்தார். அங்கே அவருக்குத் தட்டுப்பட்ட ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். சில தாய்மாரிடம் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் நுணுக்கமாகச் சொன்னார்கள்: இது எப்போது சிணுங்கும், எதைக் கண்டால் சிரிக்கும், யாரிடம் போகாது என்று. அப்படிச் சொல்லத் தெரிந்த தாய்மாரின் பிள்ளைகள்தான் பெரும்பாலும் தாயிடம் நிம்மதியான பிணைப்போடு இருந்தன. இந்த ஆராய்ச்சியின் வேர் வெள்ளைக்காரர்களின் ஆய்வகத்தில் இல்லை, ஒரு ஆப்பிரிக்கக் கிராமத்தில் இருக்கிறது. நம்முடைய வீட்டுத் திண்ணைக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை.

பிறகு அமெரிக்காவில் அவர் ஒரு சோதனையை அமைத்தார். ஒரு வயதை எட்டிய பிள்ளை, அம்மாவோடு புதிய அறை ஒன்றில் விளையாடும். அம்மா சில நிமிடங்கள் வெளியே போய்விட்டுத் திரும்புவாள். அவள் போகும்போது பிள்ளை அழுததா என்பதைவிட, வந்ததும் என்ன செய்தது என்பதுதான் முக்கியம். வந்தவளிடம் போய் ஒட்டிக்கொண்டு, ஆறுதலாகி, மறுபடி விளையாடப் போனால் அது பாதுகாப்பான பிணைப்பு.

மெயின்ஸ் குழுவினர் 2001-ல் வெளியிட்ட ஆய்வில் 71 தாய்மார் இருந்தார்கள். பிள்ளைக்கு ஆறு மாதம் இருக்கும்போது இருவரும் விளையாடுவதைப் படம் பிடித்தார்கள். அம்மா பேசியதை வரி வரியாகக் கேட்டு, பிள்ளையின் மனசைப் பற்றி என்ன சொன்னாள், அது பொருந்துகிறதா என்று குறித்தார்கள். ஆறு மாதம் கழித்து எய்ன்ஸ்வொர்த்தின் சோதனையை வைத்துப் பார்த்தபோது, பொருத்தமாகப் பேசிய தாய்மாரின் பிள்ளைகளிடம் பாதுகாப்பான பிணைப்பு கூடுதலாக இருந்தது. இதை மட்டும் வைத்து, இதனால்தான் அது வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. வீட்டுச் சூழல், பிள்ளையின் இயல்பு என்று வேறு காரணங்களும் கூடவே இருக்கும். ஆனால் அழுதவுடன் ஓடிப்போய்த் தூக்குவது மட்டும் போதாது, எதற்கு அழுகிறது என்று யோசித்தோமா என்பதும் முக்கியம் என்று அந்த ஆய்வு காட்டியது. தூக்கம் வந்து அழும் பிள்ளைக்கு ஓடிப்போய்ப் பால் கொடுத்தால், வேகத்தில் குறை இல்லை. விஷயம்தான் மாறிப்போச்சு.

பொருந்தும் பேச்சும் பொருந்தாத பேச்சும்

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். பிள்ளையிடம் நிறையப் பேசினால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். பேசுவது நல்லதுதான், மொழி வளரும். ஆனால் மனமறிதலுக்கு அளவு முக்கியமில்லை, அந்தப் பேச்சு யாரிடமிருந்து தொடங்குகிறது என்பதே முக்கியம்.

ஒரு பிள்ளை ஸ்டீல் டம்ளரைத் தரையில் தட்டித் தட்டிப் பார்க்கிறது. தட்டியதும் சத்தம், உடனே ஒரு நொடி அசையாமல் இருக்கிறது, மறுபடி தட்டுகிறது. "சத்தம் கேக்குதுல்லா? மறுபடி வருதான்னு பாக்குதியா?" என்றால் அது பொருந்துகிறது. அதே நேரத்தில், "போரடிச்சிட்டா? கிலுக்கு வேணுமா?" என்று கையில் கிலுக்கைத் திணித்தால் பொருந்தவில்லை. இரண்டிலும் பாசம் இருக்கிறது, இரண்டிலும் அம்மா பிள்ளையின் மனசைப் பற்றித்தான் பேசுகிறாள். ஆனால் இரண்டாவதில் பிள்ளை மும்முரமாக ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறது என்பதே அவள் கண்ணில் படவில்லை. ஆய்வாளர்கள் இதைத் தனியாகவே எண்ணுகிறார்கள். பிள்ளை ஏற்கெனவே ஒன்றில் ஈடுபட்டிருக்கும்போது வேறு வேண்டுமா என்று கேட்பது, இப்போதைய காரியத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்றை இழுப்பது எல்லாம் பொருந்தாத பட்டியலில் போகும்.

பிள்ளையின் வாயாகத் தானே பேசுவதும் இந்தக் கணக்கில் வரும். "அம்மா, எனக்கு இந்தத் தொப்பி வேண்டாம், சூடா இருக்கு, கழட்டு" என்று பிள்ளையின் குரலில் சொல்லிக்கொண்டே தொப்பியைக் கழற்றும் ஆச்சிமார் நம் ஊரில் எத்தனை பேர். பிள்ளை தொப்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால் அந்த வசனம் சரியான மனமறிதல். அசந்து தூங்கும் பிள்ளைக்கு அப்படிச் சொன்னால், சூடு ஆச்சிக்குத்தான்.

இதில் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நம் மனசில் இருப்பதைப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிடுவது. புகுந்த வீட்டில் ஒட்டாமல் தவிக்கும் ஒரு பெண், அழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு "உனக்கும் இந்த வீடு பிடிக்கலல்லா?" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கேட்கவே மனசு வலிக்கும். அவள் வலி உண்மை. ஆனால் பிள்ளைக்கு அப்போது ஏப்பம் வராமல் வயிறு உப்பியிருக்கலாம்.

ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற நினைப்பும் குறுக்கே வரும். 1976-ல் ஜான் காண்ட்ரி, சாண்ட்ரா காண்ட்ரி என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். திறந்தால் பொம்மை துள்ளி வெளியே வரும் பெட்டியைக் கண்டு ஒரு குழந்தை கலங்கி அழும் படத்தைப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே குழந்தை, ஒரே படம். அது ஆண் குழந்தை என்று சொல்லிக் காட்டப்பட்டவர்கள் அந்த அழுகையைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார்கள். பெண் குழந்தை என்று சொல்லிக் காட்டப்பட்டவர்களுக்கு அதே அழுகை பயமாகத் தெரிந்தது. "இவன் கோபக்காரன், அப்பனைப் போல" என்று எட்டு மாதத்திலேயே முத்திரை குத்துவதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. ஆறு மாதப் பிள்ளையை "வேணும்னே நம்மளைப் படுத்துது" என்பதும் அப்படித்தான். அம்மாவைக் கஷ்டப்படுத்த வேண்டும் என்று திட்டம்போடும் அளவுக்கு அந்த வயதில் மூளை வளரவில்லை.

பிள்ளை பேசும் விதம்

சரி, எதை வைத்து ஊகிப்பது? உடம்பை வைத்துத்தான். கொல்லங்கோட்டிலிருந்து ஆரோக்கியபுரம் வரை நம் கடலோரத்தில் வள்ளக்காரர்கள் தண்ணீரின் நிறத்தையும் காற்றின் போக்கையும் பார்த்து ஓர் ஊகத்தோடு வலை இறக்குவார்கள், சரிவராவிட்டால் இடத்தை மாற்றுவார்கள். அம்மாவின் வேலையும் அப்படியொன்றுதான்.

பசியை எடுத்துக்கொள்ளுங்கள். அழுகைதான் பசியின் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். அது கடைசி அடையாளம். அதற்கு முன்பே பிள்ளை உதட்டைச் சப்பும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், கன்னத்தில் எது பட்டாலும் அந்தப் பக்கம் வாயைத் திறந்துகொண்டு தலையைத் திருப்பும். அந்தக் கட்டத்தில் எடுத்துவிட்டால் அமைதியாகக் குடிக்கும். வீறிட்டு அழத் தொடங்கிய பிறகு மார்பைப் பிடிக்கவே சிரமப்படும், முதலில் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். தூக்கம் வரும்போது பார்வை மங்கி எங்கோ நிலைகுத்தும், இமை சிவக்கும், கொஞ்சம் வளர்ந்த பிள்ளை கண்ணையோ காதையோ தேய்க்கும்.

எனக்குத் தெரிந்து அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்வது. இரண்டு மூன்று மாதப் பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்து, 'ங்கா' என்று பதில் சொல்லி, காலை உதைத்து, நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும். திடீரென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பும். உடனே நாம் விரலைச் சொடுக்கி, நாக்கைத் தட்டி, "இங்க பாரு, இங்க பாரு" என்று அந்தப் பக்கம் போய் நிற்போம். அது இந்தப் பக்கம் திரும்பும். நாம் மறுபடி இந்தப் பக்கம் வருவோம். கடைசியில் அழும், "திடீர்னு என்னாச்சு?" என்போம். உண்மையில் அது நம்மை வேண்டாம் என்று சொல்லவில்லை, கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. எதிரில் இருக்கும் முகம் அந்தச் சின்ன மூளைக்கு மிகப் பெரிய காட்சி. பேசாமல் அரை நிமிடம் காத்திருந்தால் தானாகவே திரும்பி நம்மைத் தேடும். அந்தக் காத்திருப்பும் மனமறிதல்தான், வாயைத் திறக்காமலே.

விசேஷ வீடுகளிலும் திருவிழாக்களிலும் இது நன்றாகத் தெரியும். மண்டைக்காட்டுக் கொடையோ கோட்டாறு சவேரியார் திருவிழாவோ, ஒலிபெருக்கியும் செண்டை மேளமும் கூட்டமுமாக இருக்கும். சொந்தக்காரர்கள் ஆளாளுக்குப் பிள்ளையைக் கைமாற்றிக் கைமாற்றித் தூக்குவார்கள். முதலில் பிள்ளை விக்கும், விரல்களை விரித்து நீட்டும், முதுகை வளைத்துப் பின்னால் சாயும். பிறகுதான் அழும். "ஆளைக் கண்டா ஒட்டமாட்டேங்கு" என்று யாராவது குறை சொல்வார்கள். அம்மா சிரித்துக்கொண்டே பிள்ளையை வாங்கி, கூட்டத்துக்கு வெளியே மரநிழலுக்குக் கொண்டுபோய், அதன் முதுகை மட்டும் தடவிக்கொண்டு நிற்கலாம். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்பது மாதம் ஆகும்போது பிள்ளையே வேலையைச் சுலபமாக்கிவிடும். தனக்குப் பிடித்ததை நாமும் பார்க்கிறோமா என்று திரும்பிப் பார்க்கும். ஒரு வயதுக்குள் விரலை நீட்டிக் காட்டத் தொடங்கும். வேண்டும் என்று கேட்டு மட்டும் காட்டுவதில்லை, "அங்க பாரேன், காக்கா!" என்று பங்கு வைக்கவும் காட்டுகிறது. எனக்கு ஒன்று பிடித்திருக்கிறது, அது அம்மா மனசிலும் போய்ச் சேர வேண்டும் என்ற நினைப்பு அதற்கு வந்துவிட்டது.

இது பின்னால் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முந்திரிக்கொத்தைப் பச்சை டப்பாவில் வைத்துவிட்டு அண்ணன் விளையாடப் போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதைச் சிவப்பு டப்பாவுக்கு மாற்றுகிறாள். அண்ணன் வந்து எந்த டப்பாவைத் திறப்பான்? மூன்று வயதுப் பிள்ளை "சிவப்பு" என்று சொல்லும், ஏனென்றால் அங்கேதானே இருக்கிறது. நான்கு வயதை ஒட்டிப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு, அண்ணனுக்கு அது தெரியாதே, அவன் பச்சையைத்தான் திறப்பான் என்று புரியத் தொடங்கும். மெயின்ஸ் குழுவினர் தொடர்ந்து பார்த்தபோது, ஆறு மாதத்தில் பொருத்தமான மனமறிதலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இப்படிப்பட்ட கேள்விகளில் முன்னால் நின்றார்கள். தன் மனசைப் பற்றிய பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு, அடுத்தவர் மனசும் தனி என்பது சீக்கிரம் பிடிபடுகிறது.

தப்பினால்?

தப்பும். நிறையவே தப்பும். எட் ட்ரோனிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் தாய்-சேய் விளையாட்டுகளை நொடி நொடியாக அளந்து பார்த்தார். நல்ல இணக்கத்தில் இருக்கும் தாயும் பிள்ளையும்கூட ஒத்துப்போவது சுமார் 30 விழுக்காடு நேரம்தான் என்றார். மிச்ச நேரமெல்லாம் விலகுவதும், மறுபடி சேர்வதும். "பசிக்குதா? இல்லியா? அப்போ உறக்கமா? சரி, தொட்டில்ல போடட்டா?" என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கண்டுபிடிக்கும் அந்தத் தேடல் பிள்ளைக்கு நல்லது. தப்பினாலும் சரிசெய்துகொள்ளலாம் என்று அது அங்கேதான் பழகுகிறது.

தொடர்ந்து ஆளே இல்லாமல் போவதுதான் பிள்ளையைக் கலக்கும். 1970-களில் ட்ரோனிக் செய்த இன்னொரு சோதனையில், நன்றாகக் கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் பிள்ளையைப் பார்க்க வேண்டும். பிள்ளை முதலில் சிரித்துக் காட்டும், கையை நீட்டும், சத்தமிடும். பலிக்காதபோது முகத்தைத் திருப்பித் தளர்ந்துபோகும். மடியில் பிள்ளை, கையில் போன் என்று இருக்கும்போது நம் முகம் கிட்டத்தட்ட அந்த முகமாகத்தான் இருக்கிறது. ஒரு போன் பேசினால் பிள்ளை கெட்டுவிடாது, பயப்பட வேண்டாம். பால் கொடுக்கும் நேரத்தையாவது போன் இல்லாமல் விட்டுவைத்தால் நல்லது.

எல்லா அழுகைக்கும் அர்த்தம் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் அம்மாக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து அழுகை கூடி, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் குறையும். சாயங்காலமானால் காரணமே இல்லாமல் மணிக்கணக்கில் அழும் ஆரோக்கியமான பிள்ளைகள் உண்டு. அப்போது "அம்மாவுக்கும் தெரியல மக்களே, ஆனா இங்கதான் இருக்கேன்" என்று தோளில் போட்டுக்கொண்டு நடப்பதே போதும். காய்ச்சலோ, பால் குடிக்காமையோ, பிள்ளை துவண்டு கிடப்பதோ இருந்தால் ஊகமெல்லாம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அம்மாவுக்கே முடியாமல் போகும் காலமும் உண்டு. குழந்தை பெற்ற பெண்களில், வளரும் நாடுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 20 பேருக்கு மனநலப் பிரச்சினை, பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தன் மனசே இருட்டாக இருக்கும்போது பிள்ளையின் மனசைத் தேட வலு இருக்காது. பிள்ளையைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றவில்லை, எந்நேரமும் அழுகை வருகிறது, உறங்க நேரம் கிடைத்தாலும் உறக்கம் வரவில்லை என்றால் அது அவள் சுபாவமோ திமிரோ இல்லை. சிகிச்சையால் சரியாகும். வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்நேரமும் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம். பேறுகாலம் பார்க்கும் வீடுகளில் மருந்தும் குளியலும் பத்தியமும் ஒன்றும் குறைவதில்லை. "உனக்கு எப்படி இருக்கு மோளே?" என்ற கேள்விதான் பல வீடுகளில் விட்டுப்போகிறது.

அம்மா மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும் என்றும் இல்லை. ஆராய்ச்சிகள் தாய்மாரிடம் தொடங்கினாலும் பிறகு அப்பாக்களிடமும் பார்த்திருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் எத்தனையோ அப்பாக்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள், பிள்ளையை வீடியோ காலில்தான் பார்க்கிறார்கள். "அப்பாவுக்கு டாட்டா சொல்லு, முத்தம் கொடு" என்று பிள்ளையை வேலை வாங்குவதைவிட, "இப்ப அவ எதைப் பாக்கா? அந்தப் பூனையையா?" என்று அவர் கேட்டு, அம்மா போனைப் பூனைப் பக்கம் திருப்பினால், மூன்று பேரும் ஒரே பூனையைப் பார்க்கிறார்கள்.

ஆச்சிமார் விஷயம் இன்னும் பெரியது. கல்குளம், விளவங்கோடு பக்கம் முந்திரி ஆலைகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் ஏராளம். மகப்பேறு சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னது. இதைக் கேட்டு வாங்குவது பெண்களின் உரிமை. ஆனால் இன்றைக்கும் பெரும்பாலான வீடுகளில் காப்பகம் என்பது ஆச்சியின் மடிதான். பகல் முழுக்கப் பிள்ளையின் மனசு அவரிடம்தான் இருக்கிறது. சாயங்காலம் வந்ததும் அம்மா கேட்பது வழக்கமாக "என்ன தின்னா? எத்தனை மணிக்கு உறங்கினா?" என்பதாக இருக்கும். அதோடு "இண்ணைக்கு எதைப் பாத்துச் சிரிச்சா அத்தை? எதுக்கு அழுதா?" என்றும் கேட்டுப் பாருங்கள். "அந்தச் செவலைக் கோழி வந்தா போதும், ஒரே சிரிப்பு. அது போனா அழுகை" என்று அவர் சொல்லும்போது, அன்றைய பகலில் பிள்ளையின் மனசில் என்ன இருந்தது என்று தெரிந்துவிடும். காலையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது நீங்களும் ஒரு வரி சொல்லலாம்: "ராத்திரி சரியா உறங்கல அத்தை. சீக்கிரமே கண்ணைக் கசக்குவா, பசின்னு நினைச்சிராதீங்க."